ஆறு மணித் தாழ்ப்பாள்

அந்தப் பக்கம் நிற்காதீர்கள், தண்ணீர்த் தொட்டி வழிந்து பாசி பிடித்திருக்கிறது. வழுக்கும். இந்தப் பக்கம் வாருங்கள். கைப்பிடிச் சுவரில் சாயவேண்டாம், சுண்ணாம்பு ஒட்டும். கீழே இறங்கும்போது உங்கள் முதுகைப் பார்த்து நாலு பேர் நாலு கதை கட்டுவார்கள். அந்தத் துவைக்கிற கல்லில் உட்காருங்கள். காய்ந்துதான் இருக்கிறது. உட்காருங்கள் என்றால் உட்காருங்களேன்.

கதவு சத்தம் கேட்டதா? எங்கள் அம்மாதான். ஆறு மணிக்கு மாடிக் கதவைத் தாழ்ப்பாள் போடவேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் போய் மூன்று மாதம் ஆகிறது, சட்டம் போகவில்லை. தெருக்கோடி மில்லில் சங்கு ஊதியதும் அம்மா கை தானாகப் போய்ப் போட்டிருக்கும். மாடியில் தன் பெண்ணும், பெண் பார்க்க வந்த நீங்களும் நிற்கிறோம் என்று அந்தக் கைக்குத் தெரியுமா?

தட்டிப் பார்த்ததை நீங்களே பார்த்தீர்கள். கீழே டிவி ஓடுகிறது, வடை வேகிறது, உங்கள் மாமா ஏதோ நிலத் தகராறு சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் காதில் விழும்? என் போனை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டான். மாப்பிள்ளையிடம் பேசும்போது போனைப் பார்ப்பேனாம். உங்களுடையது? கீழே சார்ஜிலா. நல்லது.

தெருவைப் பார்த்துக் கத்தலாம். எதிர்வீட்டு அம்சா அக்கா முதல் ஆளாக வருவாள், பின்னாலேயே தெரு வரும். கத்தாமல் இருந்தால் அது இன்னும் மோசம். "பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க" என்று அண்ணன் சொன்னானே, அதைத் தாண்டுகிற ஒவ்வொரு நிமிஷமும் கீழே சம்மதமாகக் கணக்காகும். "இன்னும் பேசிக்கிட்டே இருக்குதுங்க, அப்ப புடிச்சுப் போச்சு." இந்நேரம் தட்டு மாற்றத் தேங்காய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லோகநாதன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். உங்களை ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் நல்லவராகவே இருக்கலாம், எனக்கு அதைக் கண்டுபிடிக்கிற ஆசை இல்லை. அடுத்த திங்கட்கிழமை நான் அஸ்ஸாமில் ஒரு யூனிவர்சிட்டியில் பிஎச்.டி. சேரவேண்டும். அரசியல் அறிவியல். நுழைவுத் தேர்வு எழுதி, நேர்காணல் முடித்து வாங்கிய சீட். திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. ஆனால் தகப்பன் செத்த வருஷத்துக்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருஷம் தள்ளவேண்டும் என்று என் இரண்டு அண்ணன்களும் சாதிக்கிறார்கள். மூன்று வருஷம் தள்ளுங்கள், சந்தோஷமாகத் தள்ளுங்கள், நான் படித்து முடித்திருப்பேன் என்றேன். "எதுக்கெடுத்தாலும் பட்டிமன்றம்" என்றான் பெரியவன்.

என்ன? ஒரு விஷயம் சொல்லவேண்டுமா? சொல்லலாம், இருங்கள். எங்கே போகப்போகிறோம்?

நான் ஏன் உங்களைப் போல ஒரு மிலிட்டரி ஆளைக் கட்டமாட்டேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அப்பாவைத் தெரிந்தால் அது தெரியும். உங்களுக்குத் தெரிந்த அப்பா வேறு. மிலிட்டரி கேண்டீன் வாசலில் பார்த்து, "வணக்கம் சாப்" சொல்லி, கை குலுக்கியிருப்பீர்கள். சுபேதார் எத்திராஜ். செத்தபோது வைத்த ஃப்ளெக்ஸ் இன்னும் தெரு முக்கில் தொங்குகிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். "நாட்டையும் வீட்டையும் காத்தவர்." அண்ணன் எழுதியது. நாட்டை யாரிடமிருந்து காத்தார் என்று தெரியும். வீட்டை யாரிடமிருந்து காத்தார்? அதை எழுதச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அவர் பட்டாளத்துக்குப் போனதே ஒரு தப்பினால்தான். பதினெட்டு வயதில் வேலூருக்கு ஆடு விற்க வந்தவர் கோட்டைப் பக்கம் நீளமாக ஒரு வரிசையைப் பார்த்தார். அது சர்க்கரைக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். சர்க்கரை வரிசை என்று நினைத்து நின்றுவிட்டார். முன்னால் நின்றவன் சட்டையைக் கழற்றும்போதுதான் சந்தேகம் வந்ததாம். "வரிசைல நின்னுட்டு நடுவுல வரமுடியுமா?" என்பார். அவ்வளவுதான் அவருடைய தேசபக்தி. எழுபத்தொன்று சண்டைக்குப் போனார். சண்டையைப் பற்றிக் கேட்டால் ஈரச் சாக்ஸைப் பற்றியும் கொசுவைப் பற்றியும்தான் சொல்வார். வேறு எதுவும் சொன்னதில்லை.

அந்த வருஷங்களில் அம்மாதான் எல்லாம். எங்கள் வீட்டில் அப்பா என்பவர் பொங்கலுக்கு வருகிற விருந்தாளி. என் அண்ணன்கள் இரண்டு பேருக்கும் பிறந்தநாள் ஐப்பசியில். பொங்கல் லீவு, ஐப்பசிப் பிள்ளை. சிரிக்காதீர்கள், உங்கள் தெருவிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பேர் வைத்ததும் கடுதாசியில்தான். பெரியவனுக்குத் தன் மேஜருடைய பேர், ரத்தோர். சின்னவனுக்குத் பாரக்கில் பக்கத்துக் கட்டில் நேபாளத்துக்காரர் பேர், தாப்பா. வேலூர் ஜில்லாவில் ரத்தோர் என்று பேர் வைத்துக்கொண்டு ஒருத்தன் சாதியும் சடங்கும் பேசுகிறான் என்றால் எனக்குச் சிரிப்பு வருமா வராதா?

இந்த மாடியைக் கட்டியது அம்மா. கொத்தனாரோடு சண்டை போட்டு, ஏணியில் ஏறித் தானே தண்ணீர் ஊற்றிக் கட்டியது. வயலுக்குப் போனாள், பேங்குக்குப் போனாள், இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்கு நாத்தனாரோடு போய்விட்டு நடந்தே வந்திருக்கிறாள். அப்புறம் அப்பா ரிட்டயராகி வந்தார். வந்த வாரமே இந்தக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது. வீட்டுக்கு அது உள்தாழ்ப்பாள். மாடியில் நிற்கிறவளுக்கு வெளித்தாழ்ப்பாள். கட்டினவளுக்கே ஆறு மணிக்கு மேல் மாடி கிடையாது. "ஏம்மா ஒத்துக்கிட்ட?" என்று கேட்டால், "அவர் இத்தினி வருஷம் கழிச்சு வீட்ல இருக்காரேன்னு இருந்துச்சு" என்பாள். இதெல்லாம் ஒரு பதிலா? சொல்லுங்கள். வேண்டாம், நானே சொல்கிறேன், இது பதிலே இல்லை.

அப்புறம் நான் பிறந்தேன். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது, தெருவே சிரித்தது. பொங்கலுமில்லை, ஐப்பசியுமில்லை, பென்ஷன் வந்தபிறகு வந்த பிள்ளை. எனக்கு மட்டும் அம்மா பேர் வைத்தாள், பூங்கோதை என்று. இரண்டு பையன்களுக்குக் காட்டாமல் சேர்த்துவைத்த தகப்பன்தனம் மொத்தமும் என் தலையில் இறங்கியது. அவன்கள் இரண்டு பேரும் கேட்டுக்கேட்டும் கிடைக்காத அப்பா எனக்குக் கேட்காமலேயே கிடைத்தார். விடாமல் கிடைத்தார். அதுதான் பிரச்சினை.

ரோல்கால் தெரியும் இல்லையா உங்களுக்கு? எங்கள் வீட்டில் தினமும் உண்டு. அண்ணன்கள் வேலைக்குப் போய், கல்யாணமாகி, ஒருவன் ராணிப்பேட்டை, ஒருவன் ஓசூர். மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. ஒரே ஆள் இருக்கிற ரோல்கால் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்தில் நின்று "பூங்கோதை" என்று கூப்பிடுவார். நான் அவருக்கு எதிரிலேயேதான் உட்கார்ந்திருப்பேன். "ஹாஜிர்" என்று சொன்னால்தான் தட்டில் சோறு விழும். ஆஜர் என்பதை இந்தியில்தான் சொல்லவேண்டும். இந்தித் திணிப்பைப் பற்றிக் கல்லூரியில் பேசி முதல் பரிசு வாங்கிக்கொண்டு வந்த அன்றும், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு "ஹாஜிர்" என்று சொன்னேன். அவர் செத்த வாரத்தில்கூட, தட்டு வைத்ததும் வாய் தானாக ஒரு தடவை சொல்லிவிட்டது. பழக்கதோஷம். அதற்கு அம்மா ஏன் அப்படி அழுதாள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பொறுங்கள், தெரு விளக்கு போட்டுவிட்டார்கள். நம்மைப் பார்த்துவிடுவார்கள், கொஞ்சம் குனிந்து உட்காருங்கள். ரொம்பக் குனியாதீர்கள், அதுவும் தப்பாகத் தெரியும். நேராக, ஆனால் தாழ்வாக. அப்படித்தான்.

கல்லூரிக்கு நான் தனியாகப் போன நாள் ஒன்றுகூடக் கிடையாது. அவர் என்கூட வரமாட்டார். எதிர்ப்பக்கம் நிற்பார். நான் பஸ் ஸ்டாப்பில் இந்தப் பக்கம், அவர் பெட்டிக்கடை ஓரம் அந்தப் பக்கம். யாருக்கும் தெரியாமல் மறைந்து நிற்பதாக நினைப்பு. சித்திரை வெயிலில் பச்சைக் குல்லாய் போட்டுக்கொண்டு ஆறடி மனுஷன் மறைய முடியுமா? என் சிநேகிதிகள் அவருக்கு வைத்த பேர் 'பார்டர்'. "பூங்கோத, பார்டர் வந்தாச்சுடி." நான் தலையைக் குனிந்துகொண்டே மூன்று வருஷம் பட்டம் படித்தேன், இன்னும் இரண்டு வருஷம் எம்.ஏ. படித்தேன்.

அதைவிடக் கேவலம், நான் அந்தக் கல்லூரியில் சேருவதற்கு முன்னால் நடந்தது. ஒருநாள் காலையில் டிபன் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போனார். சாயங்காலம் வந்து, அம்மாவிடம் நின்றுகொண்டே ஒப்பித்தார். "காம்பவுண்டு சுவர் ஏழடி. பின்கேட்டு பூட்டு துரு, மாத்தச் சொல்லியிருக்கேன். கேண்டீன்காரன் ஆற்காட்டு ஆளு, நல்லவன். பாத்ரூம்ல தண்ணி வருது." பெண்கள் கல்லூரி பாத்ரூமுக்குள் எப்படிப் போனார் என்று நான் கேட்கவே இல்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயம். இதற்குப் பேர் ரெக்கி. எதிரி இடத்தை முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவது. தான் போய்ப் பார்க்காத இடத்துக்கு என்னை அனுப்பியதே இல்லை. டியூஷன், சிநேகிதி கல்யாணம், பல் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் ரெக்கி. சுவர் ஏழடிக்குக் குறைந்தால் போகக்கூடாது. ஒரு சிநேகிதி வீட்டுக்குச் சுவரே இல்லை, வேலிதான். அவள் சடங்குக்குக்கூட நான் போகவில்லை.

இது அன்பு என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சிறைக்காரனும் கைதி சாப்பிட்டானா என்று பார்க்கத்தானே செய்கிறான்? நான் ஒரு அன்பையும் மறுக்கவில்லை. அன்புக்கு ஏன் தாழ்ப்பாள் என்றுதான் கேட்கிறேன். நான் அவரைப் போல ஒருநாளும் யாரையும் இப்படி நில், அப்படி உட்கார் என்று சொன்னதில்லை.

என்ன சிரிப்பு? இல்லையா? சரி.

அஸ்ஸாம் சீட் கிடைத்ததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னேன். எவ்வளவு பேர் எழுதினார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, என்ன ஆராய்ச்சி, எல்லாம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ரசம் ஊத்து" என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான். அடுத்த நாளும் வாதாடினேன். அதற்கடுத்த நாளும். நீங்கள் மட்டும் பதினெட்டு வயதில் பாஷை தெரியாத ஊருக்கு ரயிலேறலாமா, நான் இருபத்துநாலு வயதில் ஏறக்கூடாதா என்றேன். அரசியல் சட்டத்தையே எடுத்துவைத்தேன். மனுஷன் பதில் பேசவில்லை. காலையில் குல்லாயை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவார், யாரிடமோ போனில் பேசுவார். ஒரு மாதம் இப்படி. ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், அம்மா கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. எழுபத்துநாலு வயது. "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. இது நியாயமா? எதிர்த்தரப்பு பதிலே சொல்லாமல் எழுந்து போய்விட்டால் தீர்ப்பு யாருக்கு?

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ரத்தோர் அண்ணன் அப்பா போனை எடுத்துப் பார்த்தான். கடைசி மாதம் முழுக்க ஒரே நம்பர். லோகநாதன் நாயக், லோகநாதன் நாயக், உங்கள் பட்டாள ரேங்கோடு சேர்த்தே பதிந்திருந்தார். கடைசியாகப் பேசினதும் அதே நம்பர். அண்ணன் விசாரித்தான். பக்கத்து ஊர்ப் பையன், பட்டாளத்தில் இருக்கிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவ்வளவு போதாதா? "அப்பா மாப்பிள்ளையே பாத்து முடிச்சுட்டாருடா, நம்மகிட்ட சொல்லத்தான் நேரமில்ல" என்று கூடத்தில் உட்கார்ந்து அழுதான். தாப்பா அண்ணனும் அழுதான். அப்பாவின் கடைசி ஆசையாம். உங்கள் அம்மாவுக்குப் போன் போனது. இதோ நீங்கள் இந்தக் கல்லில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் அண்ணனிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன். என்னிடம் ஒரு மாதமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன், எங்களுக்கு முன்பின் தெரியாத உங்களிடம் தினமும் அப்படி என்னதான் பேசினார்? வரதட்சணையா? ஜாதகமா? சொல்லுங்கள். இல்லை, இப்போது நிஜமாகவே கேட்கிறேன். சொல்லுங்கள்.

எந்த ஹாஸ்டல்?

மெதுவாகச் சொல்லுங்கள். நீங்கள் இருப்பது அஸ்ஸாமிலா? போன லீவில் கேண்டீனில் அப்பா உங்களைப் பார்த்து, எங்கே போஸ்டிங் என்று கேட்டார், அப்படியா. பிற்பாடு ஒருநாள் போன் செய்து, யூனிவர்சிட்டி உங்கள் கேம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். பஸ்ஸில் ஒரு மணி நேரம். சரி. சரி.

உங்களைப் போய்ப் பார்க்கச் சொன்னாரா?

அவரால் போக முடியவில்லை. மூட்டு. ஆமாம், மூட்டு வலி இருந்தது. அதனால் உங்களை அனுப்பினார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்தீர்கள், வந்து சொன்னீர்கள், அவர் இன்னும் ஏதாவது கேட்டார், மறுபடியும் போனீர்கள். லைப்ரரியிலிருந்து ஹாஸ்டலுக்கு நடக்கிற வழியில் விளக்கு இருக்கிறதா. மெஸ்ஸில் சோறு போடுவார்களா. காய்ச்சல் வந்தால் டாக்டர் எங்கே. இதையெல்லாம் கேட்டாரா?

கடைசியாக என்ன கேட்டார்?

திரும்பச் சொல்லுங்கள்.

"ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்குதான்னு பாரு தம்பி. பொண்ணு உள்ள இருந்து போட்டுக்கிற மாதிரி இருக்கணும், வெளிய இருந்து எவனும் போடற மாதிரி இருக்கக்கூடாது." அவரா சொன்னார் இதை? இந்தக் கதவுக்குச் சொந்தக்காரரா?

நீங்கள் அடுத்த ஞாயிறு போய், அந்த வார்டன் அம்மாவிடம் கெஞ்சி, அவரையே உள்ளே அனுப்பிப் பார்த்துவரச் சொல்லி, வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தீர்கள். யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? அன்றைக்குக் கூடத்தில் அவரைப் படுக்கவைத்திருந்தோம். அந்தப் போன் அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரோ எரிச்சலில் அணைத்துவிட்டார்கள்.

அதிலிருந்து அந்த ரிப்போர்ட்டை யாரிடமும் கொடுக்காமல் வைத்துக்கொண்டா இருக்கிறீர்கள்?

இன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்தீர்களா? துக்கம் விசாரித்துவிட்டு, சேதியைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று. எங்கள் வாசலில் உங்கள் அம்மா முன்னாலேயே வந்து பட்டுப்புடவையோடு நிற்பதையும், எங்கள் வீட்டில் கேசரி வாசனை வருவதையும் பார்த்த பிறகுதான் உங்களுக்கே தெரிந்ததா? அப்போதே சொல்வதற்கென்ன? சொல்ல வந்தீர்கள். ஆமாம். மாடிக்கு வந்தும் சொல்ல வந்தீர்கள். நான் விட்டால்தானே.

எனக்கு இப்போது கோபம் குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். கூடியிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு எதிரில் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டு, அஸ்ஸாமில் ஒரு சிப்பாயிடம் என் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஒரே ஒரு வார்த்தை. "விசாரிக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்த ஒரு மாதமும் சுவரோடு பேசியது போலப் பேசியிருக்க மாட்டேன். இந்த அண்ணன்கள் இன்றைக்கு இந்தக் கூத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். என்னை அனுப்புவதையும் ரகசிய ஆப்பரேஷன் மாதிரித்தான் செய்யத் தெரியுமா அந்த மனுஷனுக்கு? இதை யாரிடம் போய் வாதாடுவது நான்?

அம்மா காலடிச் சத்தம். வருகிறாள். எழுந்திருங்கள், சட்டையைத் தட்டிவிடுங்கள். வலது பக்கம். இன்னும் கீழே.

கேளுங்கள். கதவு திறந்ததும் "ஐயையோ, கை தானா போட்டுடுச்சுடி" என்பாள் அம்மா. நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். கீழே எல்லோரும் நம் முகத்தையே பார்ப்பார்கள். நான் முன்னால் இறங்குகிறேன், நீங்கள் எனக்குப் பின்னால் வாருங்கள். ரத்தோர் அண்ணன் "என்ன முடிவு?" என்று கேட்பான். நான்தான் பேசுவேன் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் பேசப்போவதில்லை. நான் பேசினால் அது பட்டிமன்றம். நீங்கள் பேசுங்கள். உட்காராதீர்கள், கூடத்து நடுவில், அப்பா படத்துக்கு எதிரில் நின்றுகொண்டே, அவருக்குச் சொல்ல வைத்திருந்ததை அப்படியே சொல்லுங்கள். விளக்கு, மெஸ், டாக்டர், எல்லாம். கடைசியில் தாழ்ப்பாள். அதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அம்மா காதில் விழவேண்டும். அவர்களுக்கு அவருடைய கடைசி ஆசைதானே வேண்டும்?

சுவர் எவ்வளவு என்று சொல்லவே இல்லையே. ஹாஸ்டல் காம்பவுண்டு சுவர்.

ஆறடியா?

ஏழு என்று சொல்லுங்கள்.